மதுரை அரியணையும் ஈழத்துப் படைத்துணையும்

சேர்வராயன் மலையின் உச்சியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், குகைக்கோயில் ஒன்று உள்ளது. சேர்வராயனும் காவிரியம்மையும் அங்கு வழிபடப்படுகின்றனர். முதுகலை மாணவர் சிலருடன் நாம் ஏற்காட்டிற்குச் சென்றிருந்தகாலை அக்கோயிலின் முன் நின்று தெற்கே சேலத்துச் சமவெளியை நோக்கியிருந்தோம். அப்பொழுது மாணவர் ஒருவர் இரண்டு வினாக்களை எழுப்பினார். சேர்வராயன் என்பது சேர அரையன் என்பதன் திரிபாகுமோ என்பது ஒன்று. பகைவர்க்கு அஞ்சிய பாண்டிய இளவரசன் வீரபாண்டியன் மலைநாட்டில் மறைந்திருந்தான் என்று சூளவம்சம் கூறுகின்றதே, அம்மலைநாடு இதுவாதல் கூடுமோ என்பது மற்றொன்று.

முதல் வினாவிற்கு நாம் விடையிறுக்க முற்படவில்லை. பெயரொலியின் ஒப்புமை ஒன்றனையே பற்றுக்கோடாகக் கொண்டு வரலாறு கட்டுதல் எத்துணை இடர்ப்பாடு உடையது என்பது இத்துறையில் உழைப்பார் அனைவர்க்கும் தெரியும். இரண்டாவது வினா அத்தகையதன்று. பாலி நூலார் கூறும் 'மலய' நாடு சேரநாட்டைச் சார்ந்த மலைநிலமே என்று கொள்வர் அறிஞர். பின்னர்ப் போரில் தோல்வியுற்ற காலத்தும் வீரபாண்டியன் சேரநாட்டையே புகலிடமாக நாடினான் என்பது அக்கருத்தை வலியுறுத்தும். ஆகவே சேர்வராயன் மலைக்கு அப்பெருமை இல்லை. ஆயினும் மாணவரின் வினா வீண்போயிற்று என்று கூறுவதற்கில்லை. வீரபாண்டியனுக்கு எதிர்ப்புறத்தே நின்றவர்க்கு இரு கொங்குநாட்டிலிருந்தும் படை சென்றது என்பதை அதே சூளவம்சமே கூறுகின்றது. கொங்கிற்கும் தகடூர் நாட்டிற்கும் இடையே நிற்கும் இம்மலையிலிருந்து தென்கோடிப் போரொன்றை நோக்குவது, மதுரையிலிருந்தோ பொலன்னறுவையிலிருந்தோ நோக்குவதினும் ஒருவகையில் நன்று. இருதரப்பு ஆரவாரமும் இங்குச் சற்றுத் தொலைவிலேயே கேட்கும்.

ஆராயப்புகும் பொருள் இது: கி.பி. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணைக்கு இருவர் உரிமை கொண்டாடினர். ஒருவனுக்கு ஈழவேந்தன் முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) துணைநின்றான். மற்றொருவனுக்குச் சோழவேந்தன் இரண்டாம் இராசாதிராசன் துணைநின்றான். இவர்களுள் உரிமையாளன் யாவன், போட்டியாளன் யாவன் என்று நம் வரலாற்று நூல்கள் எளிதிற் கூறிச்செல்கின்றன. அவ்வெளிமை சான்றுகளில் இல்லை என்பதே நம் கருத்து.

சான்றுகள் இருவகையின. ஈழத்தார் பக்கத்துச் சான்று சூளவம்சத்தின் 76, 77ஆம் இயல்கள். பராக்கிரமபாகுவைத் தலைவனாகக் கொண்டு காப்பியப் போக்கிற் செல்லும் பகுதி அது. ஊர்ப்பெயர்களும் படைத்தலைவர் பெயர்களும் நிறைந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தே மூன்று கல்வெட்டுகள் தலையாயவை: காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்தில் இராசாதிராசனின் 5ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்டது ஒன்று, மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டையில் 8ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்டது ஒன்று, திருவாலங்காட்டில் 12ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்டது ஒன்று. இராசாதிராசன் முடிசூடியது 1163ஆம் ஆண்டு என்பாரும் 1166ஆம் ஆண்டு என்பாரும் உளராதலின் இக்கல்வெட்டுகளின் ஆண்டுகளும் மூன்றாண்டு முன்பின்னாக அமையும். நிகழ்ச்சிகளின் வரிசையை அஃது எவ்வகையாலும் மாற்றாது.

போர் தொடங்கிய வரலாற்றில் இருதரப்பும் பெரிதும் மாறுபடவில்லை. மதுரையில் பராக்கிரம பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான். நெல்லைப் பக்கத்தில் வலிமையுற்றிருந்த குலசேகர பாண்டியன் மதுரையை முற்றுகையிட்டான். பராக்கிரம பாண்டியன் ஈழவேந்தனுக்குத் தூது விடுத்தான். படை புறப்படுமுன்னரே மதுரை வீழ்ந்தது. பாண்டியனும் அவன் தேவியும் மக்கள் சிலரும் கொல்லப்பட்டனர். அழைத்தவனே மாண்டபின் படையெடுப்பு நின்றிருத்தல் வேண்டும். அது நிற்கவில்லை. இறந்தவனின் இளையமகன் வீரபாண்டியனுக்கு முடிசூட்டியே மீள்க என்று பராக்கிரமபாகு தன் தண்டநாயகன் இலங்காபுரனுக்குக் கட்டளையிட்டான். இங்கேதான் போரின் இயல்பு மாறுகின்றது. மலைநாட்டில் மறைந்திருந்த வீரபாண்டியன் அப்பொழுது எவரையும் துணைக்கு அழைத்ததாகத் தெரியவில்லை. படை வந்து இறங்கியபின் தண்டநாயகனே அவனை வரவழைத்தான். அரியணைப் போட்டியாளன் துணைவேந்தனைத் தேடிச் செல்வதே உலக வழக்கம். ஈண்டுத் துணைவேந்தனின் படையே போட்டியாளனைத் தேடிக் கண்டது.

இலங்காபுரன் இராமேச்சுரத் தீவைக் கைப்பற்றி, குந்துகாலில் அரண் அமைத்து, அதற்குப் 'பராக்கிரமபுரம்' என்று தன் வேந்தன் பெயரையே சூட்டினான். வந்து போகக் கருதிய படை ஊருக்குப் பெயர்மாற்றம் செய்யாது. வீரபாண்டியன் பொருட்டு வென்ற நிலத்தில் ஈழவேந்தனின் பெயர் பொறித்த காசுகளை வழங்கச் செய்தான் என்றும் சூளவம்சம் கூறுகின்றது. காசில் எவன் பெயர் உளதோ அவனே வேந்தன் என்பது அக்கால வழக்கு. வீரபாண்டியனின் முடியுரிமை எத்தகையதாயிருந்தது என்பதை அந்நூலார் தாமறியாமலே நமக்குத் தெரிவித்துவிட்டனர். சிறைப்பட்ட தமிழரைக் கடல் கடத்தி, முன்னொருகால் தமிழர் சிதைத்த அநுராதபுரத்து இரத்தினமாலித் தூபியைப் பழுதுபார்க்கும் பணியில் அமர்த்தினர் என்பதும் அந்நூற் செய்தியே.

அதே இராமேச்சுர நிகழ்ச்சியை ஆர்ப்பாக்கக் கல்வெட்டு எவ்வாறு கூறுகின்றது? ஈழப்படை திருக்கோயிற் கதவுகளைக் கைக்கொண்டது, பூசையை முட்டச் செய்தது, திருப்பண்டாரத்தைக் கவர்ந்தது என்கின்றது. தூபிப்பணியை ஒருவர் அறமாகப் பாட, கோயிற்கொள்ளையை மற்றவர் பாவமாகப் பொறிக்கின்றனர். இவ்விரண்டினுள் ஒன்று மெய், மற்றொன்று பொய் என்று கருதவேண்டா. இரண்டும் நிகழ்ந்திருக்கலாம், ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பாதியை எழுதிவைத்தனர்.

ஆர்ப்பாக்கக் கல்வெட்டைப் பற்றி இன்னும் சிறிது கூறுதல் தகும். போர்க்காலத்து மக்களின் மனநிலையைக் காட்டும் அரிய சான்று அது. தொண்டி, பாசிப்பட்டினப் பகுதிகளில் நிகழ்ந்த போரால் சோழமண்டலத்து மக்களும் அஞ்சினர். தொண்டை மண்டலத்துக் குறுநிலத் தலைவனான எதிரிலிசோழச் சம்புவராயனுக்கு அவ்வச்சம் மிகுந்தது. கௌட நாட்டுத் தட்சிண ராடப் பகுதியினின்றும் வந்து இங்கு வாழ்ந்த உமாபதிதேவர் என்னும் ஞானசிவதேவரிடம் அவன் சென்று, ஈழப்படை அழியுமாறு வழிபாடு இயற்றவேண்டும் என்று இரந்தான். அவர் 28 நாள் சிவபூசை செய்தார். பின்னர், ஈழப்படை தோற்றோடியது என்னும் செய்தி போர்முனையிலிருந்து ஓலை வாயிலாக வந்தது. சம்புவராயன் ஆர்ப்பாக்கம் என்னும் ஊரையே அவருக்கு இறையிலியாக வழங்கினான். பாண்டியர் இருவரின் பங்காளிப் போர், வங்கத்துச் சைவ ஆசாரியர் ஒருவர்க்குக் காஞ்சியின் அருகில் ஓர் ஊரைத் தேடித் தந்தது. இக்கல்வெட்டில் யார் மதுரைக்கு உரிய வேந்தன் என்னும் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை என்பதைக் கருதுக. சம்புவராயனை வருத்தியது பாண்டியரின் தாய உரிமையன்று. கடல் கடந்து வந்த படை தன் நாட்டினுட் புகுந்துவிடுமோ என்னும் நடுக்கமே.

இனிக் கொங்குநாட்டுச் செய்திக்கு வருவோம். இலங்காபுரனிடமும், அவனுக்குத் துணையாக வந்த சகத்விசயனிடமும் தோல்வியுற்ற குலசேகரன், தன் தாய்மாமன் வழியினரிடமிருந்தும், தென்கொங்கு வடகொங்கு என்னும் இரு கொங்கிலிருந்தும் படை திரட்டினான். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொங்குச் சோழர் மரபினனாகிய குலோத்துங்கன் இரு கொங்கையும் ஒருங்கே ஆண்டவன் என்று கல்வெட்டுகளிற் கூறப்படுகின்றான். ஆகவே கொங்குப்படை கூலிக்குத் திரண்ட கும்பலாக இருந்திருத்தல் இயலாது. மணவுறவும் அரசவலிமையும் அதன் பின்னே நின்றன. ஈழத்துணையைப் பற்றி ஏடேடாக எழுதியோர் கொங்குத்துணையை ஒரு வரியிற் கடந்துசெல்கின்றனர். கடல் கடந்து வருவது அயற்படை, மலை கடந்து வருவது சுற்றத்தார் படை என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். 12ஆம் நூற்றாண்டு மதுரை மக்களுக்கு இவ்வேறுபாடு இத்துணைத் தெளிவாகத் தோன்றியிருக்குமா என்பது ஐயம். கொங்கிலிருந்து வந்தவனும் அவன் வயலைத்தான் மிதித்திருப்பான்.

கொங்குப்படையும் போதாதபோது குலசேகரன் சோழனிடம் சென்றான். சோழர்க்கு இது பிறர் சண்டையாக நிற்கவில்லை. பொன்னமராவதி, மணமேற்குடி முதலிய ஊர்கள் ஈழப்படையால் எரிக்கப்பட்டதைச் சூளவம்சமே பெருமையுடன் கூறுகின்றது. பெருமானம்பிப் பல்லவராயன் தலைமையிற் சென்ற சோழப்படை ஈழத்தாரை வென்றது. இலங்காபுரித் தண்டநாயகன் உள்ளிட்டாரைக் கொன்று, அவர்தம் தலைகளை மதுரைக் கோட்டைவாயிலில் தைப்பித்து, குலசேகரனை அரியணை ஏற்றினான் என்று பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுக் கூறுகின்றது. சூளவம்சத்தில் இலங்காபுரன் தோற்கவுமில்லை, இறக்கவுமில்லை. வீரபாண்டியனை மதுரையில் நிலைபெறச் செய்தபின் கதை வெற்றிவிழாவில் முடிகின்றது. பாண்டுவிசயம் என்னும் பெயரால் ஊரொன்று அமைத்து அந்தணர்க்கு ஈந்த செய்தியோடு திரை விழுகின்றது. தன் வேந்தனின் புகழுக்கு ஏற்ற இடத்தில் கதையை நிறுத்தும் உரிமை காப்பியப் புலவனுக்கு உண்டு. வரலாற்று மாணவனுக்கு அவ்வுரிமை இல்லை.

இதுகாறும் கூறியவற்றால் ஈழம் ஒருவன் பக்கமும் சோழம் மற்றொருவன் பக்கமும் நின்றன என்பது பெறப்படும். நம் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பின்னர் நிகழ்ந்ததே பொருளின் உயிர்நிலை.

திருவாலங்காட்டுக் கல்வெட்டின்படி பராக்கிரமபாகு தன் தோல்வியை ஏற்று அமையவில்லை. ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களிற் படைகளைத் திரட்டினான், கப்பல்களைக் கட்டுவித்தான். அண்ணன் பல்லவராயன் எனப்பெற்ற வேதவனமுடையான் அம்மையப்பன் இதனைக் கேட்டான். அவன் கையாண்ட வழி மிக நுட்பமானது. ஈழவேந்தனின் மருமகனும் ஈழ அரியணைக்கு உரிமை கொண்டாடியவனுமாகிய சீவல்லபன் முன்னரே சோழநாட்டிற்கு வந்து தங்கியிருந்தான். பராக்கிரமபாகு தன் ஒன்றுவிட்ட உடன்பிறந்தானாகிய மானாபரணனோடு நெடுங்காலம் பொருதே ஈழம் முழுதையும் தன்னடிப்படுத்தினான். சீவல்லபன் அம்மானாபரணன் வழியினன் என்று சிலர் கருதுவர். அவனை முன்னிறுத்திச் சோழப்படை கடல் கடந்தது. மேற்கூறிய ஊர்களை அழித்தது. யானைகளையும் மக்களையும் கவர்ந்து மீண்டது. பாண்டியன் அரியணைக்கு ஈழம் ஒருவனை நிறுத்திற்று. ஈழத்தின் அரியணைக்குச் சோழர் ஒருவனை நிறுத்தினர். முன்னதை அயலார் சூழ்ச்சி என்றும் பின்னதை அரசியல் நுண்மதி என்றும் எழுதுதல் நடுவுநிலைமை ஆகாது. சூளவம்சத்தில் சீவல்லபனின் இவ்வருகை இடம்பெறவில்லை.

அடுத்து வருவது இதனினும் வியப்புடையது. சோழரால் முடிபெற்ற குலசேகரன் பராக்கிரமபாகுவோடு நட்புக் கொண்டான். சோழர்பால் அன்புடையராயிருந்த இராசராசக் கற்குடியராயன், இராசகம்பீர அஞ்சுகோட்டை நாடாள்வான் முதலியோரை வெள்ளாற்றின் வடகரைக்குத் துரத்தினான். மதுரைவாயிலில் தைத்திருந்த தலைகளையும் அகற்றினான். குலசேகரனின் ஆட்களுக்கு ஈழவேந்தன் விடுத்த ஓலைகளும் வரிசைகளும் சோழர் கையிற் சிக்கின. உடனே சோழர், தாம் முன்னர்த் துரத்திய வீரபாண்டியனையே அழைத்துவந்து மதுரையில் அமர்த்தினர். குலசேகரன் நன்றிமறந்தவன் என்று கல்வெட்டு இகழ்கின்றது. நன்றி என்பது சோழர் நோக்கில் எழுந்த சொல். பாண்டியன் நோக்கிற் பார்ப்பின், தன் கோட்டைவாயிலில் அயலான் தைத்த தலைகளைக் காணுந்தோறும் அவனுக்கு எழுந்த உணர்ச்சி நன்றியாகவே இருந்திருத்தல் வேண்டும் என்பதில்லை. ஈழத்தாரின் தலையாயினும், வாயில் பாண்டியருடையது.

ஆகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இரு பாண்டியரும் இடம் மாறினர். ஈழத்தின் ஆளாகத் தொடங்கிய வீரபாண்டியன் சோழரின் ஆளானான்; சோழரின் ஆளாகத் தொடங்கிய குலசேகரன் ஈழத்தின் ஆளானான். இம்மாற்றத்தினிடையே அவர்தம் பிறப்போ தாய உரிமையோ இம்மியும் மாறவில்லை. பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகரனுக்கும் இருந்த உறவுமுறையைச் சூளவம்சமும் கூறவில்லை. சோழர் கல்வெட்டுகளும் கூறவில்லை. அரியணைக்காகச் சிந்திய குருதியை எண்ணும்போது இவ்விரு தரப்பாரின் மௌனமும் மிகப்பெரிதாகத் தோன்றுகின்றது. உறவுமுறை அவர்களுக்குத் தேவைப்படவில்லை, தேவைப்பட்டிருப்பின் எழுதியிருப்பர்.

சோழர்க்கு அதனை ஆராயும் தகுதி அப்பொழுது இருந்ததா என்பதும் ஒரு வினா. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டே இதற்கு விடை தருகின்றது. இரண்டாம் இராசராசன் இறந்தபோது அவன் மக்கள் ஓராண்டும் ஈராண்டும் நிரம்பிய குழந்தைகள். பல்லவராயன் அரசகுடும்பத்தாரை ஆயிரத்தளிப் படைவீட்டினின்றும் அகற்றி இராசராசபுரத்திற் காத்து, விக்கிரம சோழனின் பேரனும் நெறியுடைப்பெருமாளின் மகனுமாகிய எதிரிலிப்பெருமாளை இராசாதிராசன் என்னும் பெயரால் முடிசூட்டுவித்தான். மன்னனின் மகன் அல்லாத ஒருவனை அமைச்சனொருவன் அரியணை ஏற்றிய அதே கையே பின்னர் மதுரைக்கும் அரசனைத் தேர்ந்தது.

இவ்வகை அரசியல் தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் புதிதன்று. 7ஆம் நூற்றாண்டில் ஈழத்து மானவன்மன் முதலாம் நரசிம்மவர்ம பல்லவனிடம் அடைக்கலம் புகுந்து, பல்லவப்படையின் துணையால் தன் நாட்டு முடியைப் பெற்றான். 9ஆம் நூற்றாண்டில் சீமாற சீவல்லப பாண்டியனுக்கு எதிராக, இரண்டாம் சேனனின் படை பாண்டிய இளவரசன் ஒருவனோடு மதுரையினுட் புகுந்தது. மேலைநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்க்கின் வார்பெக் என்பவன் தன்னை இங்கிலாந்து அரசகுமாரன் என்று கூறிக்கொண்டு ஏழாம் என்றியை எதிர்த்தான். பர்கண்டி அரசகுடும்பத்து மார்கரெட்டும் ஸ்காட்லாந்து வேந்தனும் அவனை ஏற்றனர். அவன் 1499இல் தூக்கிலிடப்பட்டான். அவன் பிறப்பே பொய். நம் பாண்டியர் இருவரின் பிறப்பையும் எவரும் பொய் என்றிலர். அயல்வேந்தர் துணைநிற்பதற்குப் பிறப்பின் மெய்ம்மை வேண்டப்படவில்லை என்பதற்கு மட்டும் அவன் கதை ஒரு சான்று.

இராசாதிராசனுக்குப் பின் வந்த மூன்றாம் குலோத்துங்கன் (1178-1218) காலத்தில் காட்சி மறுபடியும் மாறிற்று. வீரபாண்டியன் ஈழத்தோடு மீண்டும் சேர்ந்தான். குலசேகரன் வழியினன் என்று கருதப்பெறும் விக்கிரம பாண்டியன் சோழனை நாடினான். குலோத்துங்கன் ஈழப்படையையும் வீரபாண்டியனையும் வென்று விக்கிரமனுக்கு மதுரையை அளித்தான். ஈழத்து வீரர்களை மூக்கறுத்துக் கடலிற் புகச் செய்தான் என்று மெய்க்கீர்த்தி பெருமையாகக் கூறுகின்றது. நெட்டூரில் வீரபாண்டியன் மறுபடியும் பொருது தோற்றுச் சேரநாடு சென்றான். இறுதியில் அடிபணிந்து உயிரும் சிறிது நிலமும் பெற்றான். மலைநாட்டில் மறைந்த இளைஞனாக வரலாற்றினுட் புகுந்தவன் அவன். பொலன்னறுவையும் கங்கைகொண்ட சோழபுரமும் மாறிமாறி அவனுக்கு முடிசூட்டின. அவன் தானாகச் செய்த செயல் என்று இருதரப்புச் சான்றும் கூறுவது நெட்டூர்ப் போர் ஒன்றேயாகும். பராக்கிரமபாகுவின் பின்வந்த நிசங்கமல்லன் (1187-1196) பாண்டிநாட்டை வென்றதாகவும் இராமேச்சுரத்தில் நிசங்கேசுவரம் என்னும் கோயில் எடுத்ததாகவும் தன் கல்வெட்டுகளிற் கூறிக்கொள்கின்றான்.

விக்கிரம பாண்டியனுக்குப்பின் 1190இல் முடிசூடிய சடையவர்மன் குலசேகரன் சோழனுக்கு அடங்கவில்லை. 1205ஐ ஒட்டிக் குலோத்துங்கன் மதுரையினுட் புகுந்து, தன்னாற் காக்கப்பெற்ற அம்மரபினரின் முடிசூட்டு மண்டபத்தையே இடித்தான். அடுத்து 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்து, ஆயிரத்தளியில் வீராபிடேகம் செய்துகொண்டான். அது பல்லவராயன் சோழக் குழந்தைகளை அகற்றிக் காத்த அதே ஆயிரத்தளி. மதுரைக்கு அரசரைத் தேர்ந்துவந்த முதிய குலோத்துங்கன் இப்பொழுது தன் நாட்டை இழந்து துணை தேடினான். போசள வேந்தன் இரண்டாம் வல்லாளன் படை விடுத்தான். பாண்டியன் சோழநாட்டைத் திருப்பித் தந்தான். சோழராச்சியப் பிரதிட்டாசாரியன், அதாவது சோழர் அரசை நிலைநாட்டிய ஆசான், என்னும் விருதைப் போசளர் அதன்பின் தம் கல்வெட்டுகளில் சூடிக்கொண்டனர்.